முகம் காட்டாத படங்கள்



கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் சால்ட் லேக் இருக்கிறது. உப்பு ஏரியும் சதுப்புமாகக் கிடந்த இடத்தை ஹூக்ளி ஆற்று மணலைக் கொட்டி நிரப்பி, 1960-களில் எழுப்பிய ஊர். விதான்நகர் என்பது அதன் அரசுப் பெயர். அங்கே ஐந்தாம் செக்டாரில் கணினி நிறுவனங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. மேற்கு வங்கச் சுகாதாரத் துறையின் தலைமை அலுவலகமான ஸ்வாஸ்த்ய பவனும் அந்தப் பகுதியில்தான். 2024 செப்டம்பர் 10-ஆம் தேதி இளம் மருத்துவர்கள் அந்த அலுவலகத்தை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். உள்ளே விடவில்லை என்றதும் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்கும் மேல் அங்கேயே இருந்தார்கள். இடையில் மழை கொட்டியது. தார்ப்பாய் கட்டிக்கொண்டார்கள். ஊர்மக்கள் சோறும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

எதற்காக உட்கார்ந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் தேதி, கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் இரவுப் பணியில் இருந்த முதுநிலை மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 14 நள்ளிரவில் வங்கத்துப் பெண்கள் ஊர் ஊராகத் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 18 அன்று சால்ட் லேக் விளையாட்டரங்கில் நடக்கவேண்டிய மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கால்பந்து ஆட்டம் ரத்தானது. பரம வைரிகளான இரண்டு அணிகளின் ரசிகர்களும் அரங்கத்துக்கு வெளியே ஒன்றாக நின்று நீதி கேட்டார்கள்.

தெருவில் நடந்தது இது. அதே வாரங்களில் கைப்பேசித் திரைகளில் என்ன நடந்தது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

அந்த மருத்துவரின் பெயரும் படமும் சில நாள்களுக்குள் நாடெங்கும் பரவிவிட்டன. உயிர் போன பிறகு எடுத்த படங்களையும் பகிர்ந்தார்கள். ஆகஸ்ட் 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றமே தலையிட்டு, அவருடைய பெயர், படம், காணொளி எல்லாவற்றையும் சமூக ஊடகங்கள் உடனே நீக்கவேண்டும் என்று ஆணையிட்டது. இத்தகைய வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது நம் நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். இறந்துபோனவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. பகிர்ந்தவர்களில் வக்கிரபுத்திக்காரர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் பெரும்பாலோர் வயிறெரிந்து பகிர்ந்தவர்கள் என்றே நினைக்கிறேன். அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அந்தப் பெண்ணுக்காக அழுகிறவர்களே, அவர் ஒருபோதும் சம்மதித்திருக்க மாட்டாத ஒரு படத்தை ஆயிரம் பேருக்கு அனுப்புகிறார்கள்.

நம் வீட்டுக் கதையும் வேறில்லை. அதே 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையை நாம் மறந்திருக்க முடியாது. அவர் துணிந்து புகார் கொடுத்தார். அவருடைய விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்து, வாட்ஸ்அப் குழு குழுவாகச் சுற்றியது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது. ஆனால் ஒருமுறை சுற்றிவிட்ட தாளை எந்த நீதிமன்றத்தாலும் திரும்பச் சுருட்டி வாங்க முடியாது.

கொல்கத்தாவுக்குத் திரும்புவோம். பெயரைச் சொல்லக் கூடாது, முகத்தைக் காட்டக் கூடாது. ஆனால் அந்தப் பெண்ணை மறக்கவும் கூடாது. இந்த நெருக்கடியில் வங்கத்து மக்கள் அவருக்கு அபயா என்றும் திலோத்தமா என்றும் பெயர் வைத்தார்கள். ஓவியம் வரையத் தெரிந்தவர்கள் கணினியிலும் கைப்பேசியிலும் வரைந்து இணையத்தில் விட்டார்கள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கையில் சூலம். துர்கா பூஜை நெருங்கிக்கொண்டிருந்த காலம் என்பதால் துர்கையே மருத்துவராக வந்தாள். இந்தப் படங்கள் எல்லாமே நல்ல படங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சிலர் ரத்தத்தையும் காயத்தையும் வரைந்து, அந்த இரவை மறுபடி நடத்திக் காட்டினார்கள். அந்தப் பெண்ணின் அம்மா இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று அவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

இந்தக் கேள்வி அங்கே வெளிப்படையாகவே எழுந்தது. அக்டோபர் 2-ஆம் தேதி, மகாளய அமாவாசை நாளில், ஆர்.ஜி. கர் வளாகத்தில் சிற்பி அசித் சைன் செய்த மார்பளவுச் சிலை ஒன்றை வைத்தார்கள். வேதனையில் கதறும் ஒரு பெண்ணின் முகம். இது அவருடைய உருவம் அல்ல, அவர் பட்ட துயரத்தின் அடையாளம் என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். ஆனாலும் இணையத்தில் கண்டனம் எழுந்தது. ஒருத்தியின் கடைசி வேதனையை நிரந்தரமாக நிறுத்திவைப்பதா என்று கேட்டார்கள். வைத்தவர்களின் மனம் நல்ல மனம்தான். என்றாலும் கேட்டவர்கள் பக்கமே என் மனம் சாய்கிறது.

இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே கொல்கத்தாவைச் சேர்ந்த ஒரு பெண், முகத்தைக் காட்டாமல் எப்படி நினைவூட்டுவது என்ற கேள்விக்கு ஒரு விடை கண்டிருந்தார். புகைப்படக் கலைஞர் லீனா கேஜ்ரிவால். கடத்தப்பட்டுப் பாலியல் தொழிலில் தள்ளப்படும் சிறுமிகளைப் பற்றி அவர் கலை செய்ய நினைத்தார். கையில் கேமரா இருக்கிறது, படம் எடுக்கத் தெரியும். ஆனால் அவர் வைத்தது படமல்ல. ஒரு சிறுமியின் வெளிக்கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே முழுக்கக் கறுப்பாக்கி, இரும்புத் தகட்டில் ஆளைவிடப் பெரிதாக வெட்டி வெட்டவெளியில் நிறுத்தினார். 2014-இல் டெல்லி இந்தியா ஆர்ட் ஃபேரில் அவை நின்றன. கண் இல்லை, மூக்கு இல்லை. வானத்தில் ஒரு பெண்பிள்ளையின் அளவுக்கு ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். அதே உருவத்தை அச்சு வெட்டி ஊர்ச் சுவர்களில் கறுப்பு வண்ணத்தில் பதிக்க ஆரம்பித்தார்கள். எந்தச் சிறுமியின் அடையாளமும் அதில் இல்லை. எந்தத் தாய் பார்த்தாலும் தன் மகளாகத் தெரியும்.

அடுத்து அவர் செய்ததுதான் துணிச்சலான காரியம். 2016-இல் கொல்கத்தாவின் ஃப்ளையிங் ரோபாட் ஸ்டுடியோஸுடன் சேர்ந்து ‘மிஸ்ஸிங்’ என்ற கைப்பேசி விளையாட்டை வெளியிட்டார். இலவசமாகவே கொடுத்தார்கள். பொதுவாக இத்தகைய விளையாட்டில் நாம் துப்பாக்கியோடு போய் அந்தப் பெண்ணை மீட்கும் நாயகனாக இருப்போம். இங்கே நாமே கடத்தப்பட்ட அந்தப் பெண். முன்பின் தெரியாத இடத்தில் அடைபட்டுக் கிடக்கிறோம். எதிரே ஒருவர் பேசுகிறார். என்ன பதில் சொல்வது என்று திரை கேட்கிறது. முரண்டு பிடித்தால் ஒன்று நடக்கிறது, பணிந்தால் வேறொன்று நடக்கிறது. யாரை நம்புவது, எப்போது ஓடுவது என்று ஒவ்வொரு அடிக்கும் விலை இருக்கிறது. ‘அவள் ஏன் தப்பித்து ஓடவில்லை’ என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்பவருக்கு, அந்தக் கேள்வி எவ்வளவு கொடுமையானது என்று அரை மணி நேரத்தில் விரல்நுனியிலேயே புரிந்துவிடும். கட்டுரை படித்து இரக்கப்படுவது ஒரு விதம். தப்பான கதவைத் தட்டிவிட்டு நெஞ்சு பதறுவது வேறு விதம். அந்த ஆண்டு மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம் நடத்திய விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் இதற்கு விருதும் கிடைத்தது. ஆடுபவர் முகத்தைத் தவிர வேறு யாருடைய முகத்தையும் இந்த விளையாட்டு கடன் கேட்கவில்லை. அதனால்தான் இதை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

கொல்கத்தாவில் பிறந்து பெங்களூரில் வேலை செய்யும் ஜாஸ்மீன் பதேஜா இன்னொரு வழியில் போனார். 2003-இல், மாணவியாக இருந்தபோதே, ‘பிளாங்க் நாய்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். தெருவில் சீண்டப்பட்ட அன்று எந்த உடையில் இருந்தீர்கள், அதைக் கொண்டுவாருங்கள் என்று பெண்களைக் கேட்டார். பள்ளிச் சீருடை வருகிறது, சுடிதார் வருகிறது, புடவை வருகிறது. உடை மட்டும் தொங்குகிறது, உள்ளே ஆள் இல்லை. ‘அவள் உடுத்தியிருந்த உடைதான் காரணம்’ என்ற பேச்சுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எப்போதும் முகத்தை மறைத்தே ஆகவேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேசவிட வேண்டிய முகங்களும் உண்டு. அஃப்ரா ஷஃபீக் என்ற கலைஞர் கொல்கத்தா சமூக அறிவியல் ஆய்வு மையத்தின் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, பழைய ஓவியங்களையும் அச்சுப் படங்களையும் தேடினார். பெரும்பாலும் ஆண்கள் வரைந்த பெண்கள். புத்தகம் கையில் வைத்திருக்கும் பெண், கண்ணாடி பார்க்கும் பெண், சாய்ந்து படுத்திருக்கும் பெண். அந்தப் படங்களை வெட்டி, அசையவைத்து, பேசவைத்து 2017-இல் ‘சுல்தானாஸ் ரியாலிட்டி’ என்ற இணையக் கதையாக்கினார். தொட்டுத் தொட்டுப் பார்க்கவேண்டிய கதை அது. நம் நாட்டுப் பெண்கள் படிக்கத் தொடங்கிய வரலாறுதான் அதன் பொருள்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்றால், பேகம் ரொக்கேயா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையிலிருந்து. ரொக்கேயா கொல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியவர். அவருடைய கதை முதலில் அச்சானது நம் சென்னையில். 1905-இல், கமலா சத்தியநாதன் நடத்திய இந்தியன் லேடீஸ் மேகசினில் வந்தது. பெண்கள் வெளியே நடமாட, ஆண்கள் வீட்டுக்குள் இருக்கும் ஒரு நாட்டைப் பற்றிய கதை.

அஃப்ரா ஷஃபீக் தேடியதுபோல நாமும் தேடிப் பார்க்கச் சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. வை.மு. கோதைநாயகி நடத்திய ‘ஜகன்மோகினி’ போல, பெண்கள் நடத்திய பழைய தமிழ்ப் பத்திரிகைகள் பலவும் நமக்கு உண்டு. அவற்றின் அட்டைகளிலும் விளம்பரங்களிலும் எத்தனையோ பெண்கள் வாய் திறக்காமல் நிற்கிறார்கள். கணினியில் படம் வரையத் தெரிந்த நம் பெண்பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கங்களை எடுத்து, அவர்களைத் தமிழில் பேசவைக்க வேண்டும் என்பது என் ஆசை.