எந்த விதி, யாருடைய விதி?



பட்டாசு மருந்து அறையில் அளவுக்கு மேல் ஆட்கள் கூடாது. இந்த விதி தெரியாத வீடு சிவகாசிப் பக்கம் இல்ல. ஆனாலும் 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின. எழுதி வைத்த விதி தானாகக் காப்பாத்தாது.

அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் மதுரைக்கும் சென்னைக்கும் படிக்கப் போய் அரசு விடுதியில் தங்குகிறார்கள். 2025 ஜூலையில் அதற்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தார்கள். வரவேற்போம். ஆனா கேட்போம்: அறைக்கு எத்தனை பேர்? ஒயர் மூடியிருக்கா? ராத்திரி தீப்பிடிச்சா எந்த வழி, அதுல பூட்டுத் தொங்குதா?

விதி ரெண்டு வகை. ஒண்ணு உயிரைக் காக்கும். இன்னொண்ணு வாயைக் கட்டும். 2015இல் ஐதராபாத் பல்கலைக்கழகம் ஐந்து தலித் ஆய்வு மாணவர்களை விடுதியிலிருந்து விலக்கியது. 'ஒழுங்கு நடவடிக்கை' என்றார்கள். வளாகத்துக்குள்ளேயே, வெட்டவெளியில் 'வெலிவாடா' என்று சேரியின் பெயரிட்டு அவர்கள் கூடாரம் போட்டார்கள். 2016 ஜனவரி 17இல் ரோகித் வெமுலாவை இழந்தோம்.

முதல் வகை விதியை நாமே கறாராகக் கடைப்பிடிப்போம். அறையில் ஹீட்டர் சொருகாதே, வெளியேறும் வழியை அடைக்காதே. இரண்டாவது வகைக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: எந்த ஆணை, யார் கையெழுத்து, எந்தத் தேதி? ஒத்தையாப் போகாதீங்க. பத்துப் பேராப் போங்க.