மஞ்சள் காட்டாத நோய்



கண் மஞ்சளித்தால் நம் நாஞ்சில் நாட்டில் உடனே கீழாநெல்லியைத் தேடுவோம். ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் மஞ்சளே காட்டாது. இருபது, முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் கல்லீரலைக் கெடுக்கும். இந்தக் கிருமியை அடையாளம் கண்டதே 1989-இல்தான். அதற்கு முன் பிரசவத்திலோ அறுவை சிகிச்சையிலோ ஏற்றிய ரத்தத்தில் இதைத் தேட வழியே இல்லை. நம் மாணவர்களின் பாட்டிமார் பலர் அந்தக் காலத்தவர்கள்.

பி வகைக்குத் தடுப்பூசி உண்டு, இதற்கு இல்லை. ஆனால் மாத்திரை உண்டு. பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணமாகிறது. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். முதல் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தாலும் நோய் உறுதியல்ல. கிருமி இப்போதும் உடலில் இருக்கிறதா என்பதை இரண்டாவது பரிசோதனைதான் சொல்லும். பயந்துபோய் அதற்குப் போகாமல் இருந்துவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

சேர்ந்து சாப்பிடுவதாலோ ஒரே பெஞ்சில் இருப்பதாலோ இது தொற்றாது. தாய்க்கு நோய் என்று கேள்விப்பட்டு, பிள்ளையைத் தள்ளி உட்காரவைக்கச் சொல்லி யாராவது வந்தால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ஆனால் யாரையும் கை தூக்கச் சொல்லவேண்டாம். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள், பச்சை குத்திக்கொண்டவர்கள் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம் என்று சொன்னால் போதும்.