பெயர்ப் பட்டியலும் தேர்ச்சிப் பட்டியலும்



2024 மே 6ஆம் தேதி பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. மாநிலத் தேர்ச்சி 94.56 விழுக்காடு. முதலிடம் திருப்பூருக்கு, 97.45. மாவட்ட வரிசையில் கடைசியாக நின்றது நம் திருவண்ணாமலை, 90.47.

இப்படி ஒரு ரிசல்ட் வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆய்வுக் கூட்டம், தலைமை ஆசிரியர்களிடம் விளக்கம், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். ‘கவர்மெண்ட் ஸ்கூல்ல எங்க பாடம் நடத்துறாங்க’ என்று ஊரும் ஒரு வார்த்தை சொல்லிவிடும். அந்தப் பரீட்சையை எழுதிய பிள்ளைகள் யார், எழுதாமல் போனவர்கள் யார் என்று கேட்பவர்கள்தான் குறைவு.

1989இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 24 லட்சத்து 64 ஆயிரம். பத்துப் பேரில் எட்டுப் பேர் கிராமத்தார். ஆதிதிராவிடர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் இருக்கிறார்கள், கீழே சமவெளியில் இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. ஆண்களில் 83 விழுக்காட்டினருக்கு எழுத்தறிவு உண்டு, பெண்களில் 65தான். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்களில் பலர் இன்று நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள். கிராமத்துப் பள்ளி ஒன்றின் ரேங்க் கார்டுகளை எடுத்து, பெற்றோர் கையெழுத்துக் கட்டத்தை மட்டும் பாருங்கள். சிலவற்றில் பெருவிரல் ரேகை. சிலவற்றில் தமிழைக் கஷ்டப்பட்டுக் கோணல்மாணலாக எழுதிய பெயர். சிலவற்றில் பிள்ளையின் கையெழுத்தே இருக்கும். கணக்கில் ஏன் மார்க் குறைந்தது என்று வீட்டில் கேட்கக்கூட ஆள் இல்லாத பிள்ளை அது. அந்தப் பிள்ளை 35 மார்க் எடுத்தால் அதைச் சாதாரணமாக எண்ண என்னால் முடியவில்லை.

கலசபாக்கம், கீழ்பென்னாத்தூர், தண்டராம்பட்டு பக்கம் காலை ஏழரை மணிக்குச் சாலையில் நின்றால் மெட்ரிகுலேஷன் பள்ளி வேன்கள் ஊருக்குள் நுழைவதைப் பார்க்கலாம். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் கடன் வாங்கியாவது பிள்ளையை வேனில் ஏற்றிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேன் போன பிறகு அரசுப் பள்ளி வகுப்பறையில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள், காலனிப் பிள்ளைகள், முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள். இரண்டு பள்ளிகளின் விழுக்காட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம். அமெரிக்காவில் 1966இல் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் தலைமையில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்தார்கள். மாணவரின் மதிப்பெண்ணைப் பள்ளியில் இருக்கும் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணி அதிகமாகத் தீர்மானிக்கிறது என்று அந்த அறிக்கை சொன்னது.

அதற்காக ஏழைப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும் என்று கையை விரிப்பதை ஏற்க முடியாது. 2023இல் பத்தாம் வகுப்பில் முதலிடம் பெரம்பலூருக்கு. 2024இல் அரியலூருக்கு. இரண்டும் பணக்கார மாவட்டங்கள் அல்ல.

எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்ற கணக்கு. ஹாலுக்கே வராத பிள்ளை அதில் சேராது. 2023 மார்ச் 13, பிளஸ் டூ தமிழ்த் தேர்வு அன்று மாநிலம் முழுக்க 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. பெயர் நாமினல் ரோல் என்ற தேர்வர் பட்டியலில் இருந்தது, ஹால் டிக்கெட் இருந்தது, பெஞ்ச் காலி. நடுவில் நின்றுவிட்ட பிள்ளையைப் பள்ளியில் ‘லாங் ஆப்சென்ட்’ என்பார்கள். ஒன்பதாம் வகுப்பிலும் பிளஸ் ஒன்னிலும் இந்த ஆப்சென்ட் நீளத் தொடங்குகிறது.

எங்கே போகிறார்கள்? பையன்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு. ஜவ்வாது மலையிலிருந்து ஆந்திரக் காடுகளுக்கு மரம் வெட்டப் போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டதில் இறந்த 20 பேரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தார். பெண் பிள்ளையென்றால் வீட்டில் கல்யாணப் பேச்சு. 2024 பிளஸ் டூவில் மாநில அளவில் மாணவிகள் 96.44, மாணவர்கள் 92.37. பெண் பிள்ளைகளைக் கடைசி வரை உட்காரவிட்டால் அவர்கள் விடுவதில்லை.

திருவண்ணாமலை நகரத்திலும் படிப்பைக் கெடுக்கும் வேலை உண்டு. பௌர்ணமி இரவு கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் கடை போடும் குடும்பங்களில் பிள்ளைகளும் கற்பூரம், தண்ணீர் பாட்டில் விற்கிறார்கள். விடியும்வரை விழித்த பிள்ளை மறுநாள் முதல் பீரியடில் என்ன கேட்கும்?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்தவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். மருத்துவப் படிப்பில் அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. இவை பிளஸ் டூவைக் கடந்தவர்களுக்கு. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு, சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. படிப்பு நிற்கும் ஆபத்து அதிகமான பிளஸ் ஒன், பிளஸ் டூவில், ஏழு மணி டவுன் பஸ்ஸைப் பிடித்து வரும் பிள்ளைக்கு இரண்டும் கிடையாது. இதை மாற்ற வேண்டும்.

ஊர் செய்யக்கூடியதும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. தலைவர் ஒரு தாய். அடுத்த கூட்டத்தில் ரிசல்ட் எத்தனை என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள் என்று கேளுங்கள். காணாமல் போன பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். எந்தத் தெரு, எந்தக் குடியிருப்பு என்று அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கே தெரியும். தேர்வில் தவறியவர்களும் வராதவர்களும் துணைத் தேர்வு எழுதலாம். ரிசல்ட் வந்த சில நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், படித்த பள்ளியிலேயே பதிவு செய்யலாம். உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஹால் டிக்கெட்டோடு ரிசல்ட் வந்த வாரமே பள்ளிக்கு அழைத்துப் போங்கள்.