நடுக்கடலில் நின்றுபோகும் இயந்திரம்

பருத்தித்துறைக்கு அப்பால், சோளகம் வீசும் நாளொன்றில் இயந்திரம் நின்றுபோன படகு வடகிழக்கே, திறந்த வங்கக் கடலை நோக்கி இழுபட்டுப் போகும். வாடைக் காற்றிலே நின்றுபோனால் தென்மேற்கே, பாக்குக் கடலில் 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்த எல்லைக்கோட்டை நோக்கி ஒதுக்கப்படும். முன்னையதிலே தாகமும் பசியும் காத்திருக்கும். பின்னையதிலே அயல்நாட்டுச் சிறையும் காத்திருக்கலாம். பாய் கிழிந்தால் தைக்கத் தெரிந்தவன் பழைய கடலோடி. இயந்திரத்தை நம்பிக் கடலேறும் இன்றைய தொழிலாளிக்கும் அதற்கு நிகரான அறிவொன்று வேண்டுமன்றோ? அவ்வறிவு பெரிதும் எரிபொருளைப் பற்றியதே.

படகின் பின்புறத்தில் மாட்டிக் கழற்றத்தக்க இயந்திரத்தை 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலே விற்பனைக்குக் கொண்டு வந்தவர், நோர்வேயிற் பிறந்த ஓலே எவின்றூட் என்பவர். இலங்கையில் மீன்பிடிப் படகுகளுக்கு இயந்திரம் பூட்டும் முயற்சி 1950களிலே ஊக்கம் பெற்றது. வெளியிணைப்பு இயந்திரம் என வழங்கும் இது, இன்று பைபர் படகுகளோடு இணைபிரியாததாயிற்று. நம் கரையோரங்களில் உள்ளவற்றிற் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, கரையிலே எழுந்த கலக்கத்துக்குக் காரணம் இதுவே.

இயந்திரம் நின்றவுடன் பலர் செய்வது யாது? கயிற்றை மீண்டும் மீண்டும் இழுப்பர். கை சோர்ந்தபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்து அதன்மேற் பழி போடுவர். இயந்திரம் எவ்வாறு நின்றது என்பதை முதலில் நினைவுகூர்வதே தக்கது. விளக்கை அணைத்தாற் போலச் சட்டென்று நின்றதாயின் மின்பொறியிற் குறை இருக்கலாம். தடுமாறி, வேகம் குன்றி, மீண்டும் சற்று எழுந்து, பின் அடங்கியதாயின் அது பெரும்பாலும் எரிபொருளின் குறையே. அப்போது தாங்கியிலிருந்து தொடங்கி, எரிபொருள் செல்லும் வழியே ஒவ்வோரிடமாகப் பார்த்துச் செல்லல் வேண்டும். நடுவிலே பாய்ந்து காபரேற்றரைக் கழற்றுபவன், அலையாடும் படகிற் சிறு திருகாணிகளைக் கடலுக்குக் கொடுப்பதே மிச்சம்.

முதலிடம் தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத் திருகு. ரின்பாலில் ஒரு துளை மட்டும் இட்டுக் கவிழ்த்தால் பால் ஒழுகாது; எதிர்ப்புறம் இன்னொரு துளை இட்டவுடன் தாரையாக விழும். தாங்கியின் நிலையும் அஃதே. திருகு மூடியிருந்தால் இயந்திரம் சில நிமிடம் நன்றாக ஓடும். உள்ளே வெற்றிடம் மிக, எரிபொருள் வர மறுக்கும். சற்று ஓய்ந்தபின் மீண்டும் இயங்கி, மீண்டும் நிற்கும். கரையோரப் பாடசாலைகளில் வளியமுக்கத்தைக் கற்பிக்க இதனிலும் சிறந்த உபகரணம் உண்டோ தெரியவில்லை. பாதரசக் குழாயைப் படத்திற் காட்டுவதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

அடுத்தது குழாயின் நடுவே உள்ள றப்பர்க் குமிழ். அதிலுள்ள அம்புக்குறி இயந்திரத்தை நோக்கியிருத்தல் வேண்டும். அழுத்திய குமிழ் ஒடுங்கியபடியே கிடந்தால், அடைப்பு அதற்கு முன்னே, தாங்கியின் பக்கத்தில் உள்ளது. எத்தனை முறை அழுத்தியும் இறுகாவிடின் எங்கோ காற்றுப் புகுகிறது, அல்லது குமிழின் அடைப்பிதழ் கெட்டுவிட்டது, அல்லது காபரேற்றரின் மிதவை ஊசி மூடாமல் எரிபொருள் வழிகிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஓடும்போது குழாயில் நிகழ்வது உறிஞ்சல். ஆகவே வெடித்த குழாய் வெளியே கசியாது, காற்றையே உள்ளே இழுக்கும். பார்ப்பவருக்குக் குழாய் உலர்ந்தே தோன்றும். இயந்திரத்தை நிறுத்திக் குமிழை நன்கு அழுத்தினால், குமிழுக்கு அப்பாலுள்ள வெடிப்பு ஈரங்காட்டிக் கொடுக்கும். அவ்வேளையிற் பீடி பற்றவைத்தல் கூடவே கூடாது. பெற்றோலின் ஆவி காற்றிலும் பாரமானது. படகின் அடியிலே தங்கி நிற்கும்.

இனி நீர். கண்ணாடி விளக்கில் நீரின்மேல் எண்ணெய் வார்ப்பதை அறியாத வீடில்லை. தாங்கியிலும் நீர் அடியிலே தங்குகிறது. உறிஞ்சு குழாயின் வாயும் அடியிலேயே இருக்கிறது. கடல் அமைதியாக இருக்கையில் தெரியாத நீர், படகு அலைபடும்போது குழாய்க்குள் ஏறும். பழைய கலன்களிற் சில்லறையாக வாங்கிச் சேர்த்த எண்ணெயில் இக்குறை மிகுதி. முதல்நாளே ஒரு வெண்கண்ணாடிப் போத்தலில் ஊற்றிச் சிறிது நேரம் அசையாது வைத்தால் நீர் பிரிந்து காட்டும். வடிகட்டிக் கிண்ணத்தையும் அவ்வப்போது கழற்றி ஊற்றிவிடல் வேண்டும்.

பம்புக்கு உள்ளே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு. ஈரடி இயந்திரங்களில் இயந்திர அறையின் அமுக்கம் ஏறி இறங்குவதால் அது துடித்து எரிபொருளை இழுக்கிறது. சவ்வு தளர்ந்தால் வேகங் கூட்டும்போது இயந்திரம் இளைக்கும். றப்பர்க் குமிழை ஒருவர் விடாது அழுத்தும்போது அது நன்றாக ஓடுமாயின் குறை பெரும்பாலும் பம்பிலேதான். அவ்வாறு அழுத்திக்கொண்டே கரைசேரவும் இயலும்.

காபரேற்றரிலே ஊசித்துளை போன்ற பித்தளை வழிகள் உண்டு. அவற்றை ஜெற் என்பர். சோக்கை இழுத்தால் மட்டுமே இயந்திரம் ஓடுகிறதெனின், அத்துளைகளில் அழுக்குப் பிடித்திருத்தல் கூடும். கம்பியாற் குத்துவது பெருந்தவறு; பித்தளை மென்மையானது, துளை விரிந்தால் அளவு கெடும். கழுவி ஊதுவதே முறை. இக்குறையோடு ‘எப்படியோ ஓடுகிறது’ என்று வேகமாகச் செலுத்துவோர், தமக்கே கேடு தேடுகின்றனர். ஈரடி இயந்திரத்தில் மசகெண்ணெய் எரிபொருளோடு கலந்தே செல்கிறது. பல இயந்திரங்களுக்கு 50 பங்குக்கு ஒரு பங்கு, அதாவது 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர். எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும். உருளை சூடேறி ஆடுதண்டு இறுகிவிடும். ஒரு பருவத்து உழைப்பு அத்தோடு போயிற்று.

மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. இதனை விரித்துக் கூறல் தகும். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆதலாற் பெற்றோலிலே தொடங்கி, சூடேறியபின் மாற்றுகின்றனர். 1990களில் எரிபொருட்டடையின்போது யாழ்ப்பாணத்து மோட்டார்ச் சைக்கிள்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியவையே. தொடக்கத்தைப் பலரும் அறிவர், முடிவை மறந்துவிடுகின்றனர். வலை போடும் இடம் வந்ததும் மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுவர். மூன்று மணிநேரங் கழித்து வலையை ஏற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தால், காபரேற்றர் நிறைய மண்ணெண்ணெய், இயந்திரமோ குளிர்ந்துவிட்டது, பிளக் நனைகிறது. இரவில் நேரும் இடரிற் பாதி இவ்வாறு தானே தேடிக்கொண்டது போலும். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்னரே பெற்றோலுக்கு மாற்றிவிடல் வேண்டும். மறந்தாராயின், காபரேற்றரின் அடித்திருகைத் தளர்த்தி மண்ணெண்ணெயை ஒரு பேணியில் வடித்து, குமிழை அழுத்திப் பெற்றோலை நிரப்பி, பிளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டினாற் பெரும்பாலும் இயங்கும். அதற்கென ஒரு திருகாணிச் செலுத்தியும், பிளக்சாவியும், புதுப் பிளக்கொன்றும் நீர்புகாத பேணியிற் படகிலே இருத்தல் வேண்டும்.

மாரிகாலத்தில் வாரக்கணக்காகப் படகு கரையேறிக் கிடக்கும். அப்போது காபரேற்றரை வடித்து வெறுமையாக்காவிடின், தங்கிய பெற்றோல் பிசினாகி ஜெற்றை அடைக்கும். குழாயைத் தாங்கியிலிருந்து கழற்றி, இயந்திரத்தை நன்னீரில் ஓடவிட்டு, எரிபொருள் தீர்ந்து தானே நிற்கும்வரை விடுவதும் உண்டு; எனினும் கிண்ணத்தின் அடியில் எஞ்சுவதைத் திருகைத் திறந்தே வடிக்கவேண்டும். மின்னணு முறையில் எரிபொருள் பாய்ச்சும் நான்கடி இயந்திரங்கள் இப்போது வருகின்றன. அவற்றுக்குக் காபரேற்றர் இல்லை. ஆயினும் தாங்கியும் குமிழும் வடிகட்டியும் உண்டு, நீரைப் பொறுக்கும் ஆற்றலோ இன்னும் குறைவு.