பில்ஸ்னர்: ஊர்ப்பேர் பொதுப்பேரான கதை

போன மாசம் பெங்களூருல ஒரு ப்ரூ பப்புக்குப் போயிருந்தோம். மெனுவுல ‘பில்ஸ்னர்’னு இருந்துச்சு. “அது எந்த பிராண்டுடா?”ன்னு ஒருத்தன் கேட்டான். பிராண்டு இல்ல, அது ஊர்ப்பேர். செக் நாட்டுல இருக்கிற பில்சன். நான் பெரிய காஞ்சிபுரத்துக்காரன். ஊர்ப்பேர் சரக்குப்பேரா மாறுறதைப் பார்த்தே வளர்ந்தவன். அதான் இந்த எபிசோட்.

1838-ல பில்சன்ல, குடிக்க லாயக்கில்லைன்னு 36 பீப்பாய் பீரை நகர மன்றத்துக்கு முன்னாடியே கொட்டிட்டாங்க. அப்புறம் ஊர்க்காரங்களே சேர்ந்து புது ஆலை கட்டி, பவேரியாவுல இருந்து யோசப் க்ரோல்னு ஒருத்தரை வரவழைச்சாங்க. 1842 அக்டோபர் 5-ம் தேதி அவர் முதல் தடவையா காய்ச்சினார். கருப்பான, கலங்கலான பீரே பழகின ஊர்ல, தங்க நிறத்துல தெளிவா ஒண்ணு வந்துச்சு.

எப்படி? பில்சன் தண்ணியில தாது உப்பு ரொம்பக் கம்மி. அதனால கசப்பு முரட்டுத்தனமா இருக்காது. முளைகட்டின பார்லியைப் புகை படாம உலர்த்தினாங்க, அதான் அந்த நிறம். ஹாப்ஸ் பக்கத்து ஜாடெட்ஸ் வட்டாரத்துது. ஈஸ்ட், குளிர்ல மெதுவா வேலை செஞ்சு அடியில தங்குற பவேரிய ரகம். செக் முறையில இன்னொண்ணு இருக்கு: ஊறவெச்ச மால்ட்ல ஒரு பங்கைத் தனியா எடுத்துக் கொதிக்கவிட்டு, திரும்பச் சேர்ப்பாங்க. அதனாலதான் வாயில அந்த நிறைவு.

சுவை பரவுச்சு, பேரும் பரவிடுச்சு. ஜெர்மனியில ‘பில்ஸ்’னு காய்ச்ச ஆரம்பிச்சாங்க. கடைசியில பில்சன் ஆலை, ‘மூல ஊற்று’ன்னு அர்த்தம் வர்ற ‘உர்க்வெல்’ங்கிற பேரை 1898-ல பதிவு பண்ணுச்சு. சொந்த ஊர்ப்பேருக்குப் பின்னாடியே ‘ஒரிஜினல்’னு போட வேண்டிய நிலைமை!

இங்கதான் எனக்கு அப்பா ஞாபகம் வந்துச்சு. அவர் தறிக்காரர். கோர்வைச் சேலைன்னா உடலும் கரையும் வேற வேற நிறம். ஊடை மூணு நாடாவுல ஓடும். கரை கோர்க்க இன்னொரு ஆள் கூட உட்காரணும். ஒருநாள் அவர் நெய்த சேலையையும் பவர்லூம் சேலையையும் ஒரு கடையில பக்கத்துல பக்கத்துல விரிச்சு, “ரெண்டும் காஞ்சிபுரம்தாம்மா”ன்னு சொன்னாங்க. அந்தம்மா விலை கம்மியானதை எடுத்துட்டுப் போனாங்க. அப்பா ஒண்ணும் பேசல. வீட்டுக்கு வந்து என்கிட்ட சேலையைப் புரட்டி, உடலும் கரையும் சேருற இடத்தை மட்டும் தொட்டுக் காட்டினார்.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. செக் பீருக்கு ஐரோப்பாவுல அது 2008-ல வந்துச்சு. ஆனா சட்டம் கடைக் கவுண்டர் வரைக்கும் தானா வராது.

பெங்களூருல குடிச்சது போலின்னு நான் சொல்லல. ‘பில்ஸ்னர்’ இப்ப ஒரு பாணியோட பேர். அது பில்சன்ல காய்ச்சினதுன்னு யாரும் நம்மளை ஏமாத்தல. சேலைக்கடையில அப்படி இல்ல. பேரோட சேர்த்து ஒருத்தரோட கூலியும் போயிடுது. பில்சன் ஆலைக்கு ‘ஒரிஜினல்’னு பதிவு பண்ற வசதி இருந்துச்சு. தனி ஒரு தறிக்காரருக்கு அது எங்க?

அதனால அடுத்த தடவை வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கும்போது, “இது கைத்தறியா, எங்க நெய்தது?”ன்னு கேளுங்க. சேலையைப் புரட்டியும் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.