மஞ்சள் கடிதம் வருமுன்



தமிழ்நாட்டு ஊர்களில் ஒருவரைக் குறித்து 'மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டார்' என்று சொன்னால், கேட்பவர் உடனே தம் வீட்டுக் கணக்கை நினைத்துப் பார்ப்பார். கடனைத் திருப்பித் தர இயலாதவர் நீதிமன்றத்தை நாடி, தம்மை நொடித்துப்போனவராக அறிவிக்குமாறு மனுச் செய்துவிட்டார் என்பது அதன் பொருள். 'ஐ.பி. போட்டுவிட்டார்' என்பதும் அதுவே. பணம் கொடுத்தவர் செய்தியை அறிவது பெரும்பாலும் அந்தக் கடிதம் வீடு தேடி வரும் நாளில்தான்.

நிலம் வாங்கும் குடும்பம் எதுவும் வில்லங்கம் பாராமல் முன்பணம் கொடுப்பதில்லை. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றை எடுத்து, ஒவ்வொரு பதிவையும் விரல் வைத்துப் படித்த பிறகே பேச்சு மேலே நகரும். ஆனால் அதே குடும்பம், நிலத்தின் விலைக்குச் சமமான தொகையை ஒரு கட்டுமான நிறுவனத்திடமோ, வைப்புத்தொகை திரட்டும் நிறுவனத்திடமோ, கூட்டு வணிகம் நடத்தும் உறவினரிடமோ ஒப்படைக்கும்போது யாதொரு பதிவேட்டையும் பார்ப்பதில்லை. நிறுவனத்துக்கும் வில்லங்கம் உண்டு. அதைப் பார்க்கும் பதிவேடுகளும் பெரும்பாலும் கட்டணமின்றி இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. அவற்றை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது, எதை அவற்றிலிருந்து முடிவுசெய்யக் கூடாது என்பவையே இவ்வுரையின் பொருள்.

ஆரணிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்க. பணிக்கொடையாக வந்த பதினெட்டு லட்சத்தைச் சென்னைப் புறநகரில் எழும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் முன்பணமாகச் செலுத்த முனைகிறார். அவருடைய சம்பந்தி வீட்டார் அதே குடியிருப்பில் ஓராண்டுக்கு முன்பே பணம் கட்டிவிட்டனர். கல்லூரியில் பயிலும் பேத்தி கேட்கிறாள்: "தாத்தா, நிலம் வாங்கினால் வில்லங்கம் பார்ப்பீர்களே, இந்தக் கம்பெனிக்குப் பார்த்தீர்களா?" தாத்தா திகைக்கிறார். அன்று மாலை இருவரும் கணினி முன் அமர்கின்றனர்.

முதலில் வேண்டுவது நிறுவனத்தின் சரியான பெயர். விளம்பரப் பலகையில் காணும் பெயர் வணிகப் பெயராக இருக்கலாம். பணத்தைப் பெற்றுக்கொண்டு ரசீது தரும் நிறுவனத்தின் பெயர் வேறாக இருக்கலாம். ஒப்பந்தத்திலும் ரசீதிலும் உள்ள பெயரையே கொள்ள வேண்டும். பதிவு பெற்ற ஒவ்வொரு கம்பெனிக்கும் 21 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாள எண் ஒன்று உண்டு. எந்த மாநிலத்தில் பதிவானது, எந்த ஆண்டில் தொடங்கியது என்பவை அந்த எண்ணுக்குள்ளேயே அடங்கியுள்ளன. பெயர்கள் ஒன்றுபோல் இருக்கலாம். இந்த எண் ஒரு கம்பெனிக்கே உரியது. எனவே இதனைக் குறித்துக்கொள்வதே தேடலின் முதற்படி.

நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால், நிறுவனத்தின் அடிப்படை விவரம் கிடைக்கும். அது நடப்பில் உள்ளதா, பதிவிலிருந்து நீக்கப்பட்டதா, நொடிப்புத் தீர்வு நடவடிக்கையில் உள்ளதா, கலைப்பு நிலையில் உள்ளதா என்பது அங்கே ஒரே சொல்லில் எழுதப்பட்டிருக்கும். இயக்குநர்களின் பெயர்களும், நிறுவனத்தின் சொத்துகள்மீது வங்கிகளுக்கு உள்ள ஈட்டுப் பதிவுகளும் உடன் இருக்கும். இந்த ஈட்டுப் பட்டியலே வில்லங்கச் சான்றுக்கு நேரானது. எந்த வங்கிக்கு எவ்வளவு தொகைக்கு ஈடு வைக்கப்பட்டது, அது தீர்ந்ததா என்பதை அதில் காணலாம்.

அடுத்த இடம் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம். 2016 ஜூன் 1 முதல் இயங்கும் இத்தீர்ப்பாயமே, நொடிப்பு மற்றும் திவால் சட்டம் 2016-இன்கீழ்க் கம்பெனிகளின் வழக்குகளை விசாரிக்கிறது. தமிழ்நாட்டில் பதிவு அலுவலகம் உள்ள கம்பெனிகளின் வழக்குகள் சென்னை அமர்வில் நடைபெறும். இங்கே பலர் தவறுவதுண்டு: குடியிருப்பு சென்னையில் எழலாம், கம்பெனியின் பதிவு அலுவலகம் மும்பையில் இருக்கலாம். அப்போது வழக்கைத் தேட வேண்டிய இடம் மும்பை அமர்வே. தீர்ப்பாயத்தின் தளத்தில் அமர்வைத் தேர்ந்து, கட்சிக்காரர் பெயரைக் கொடுத்துத் தேடினால், நிலுவையிலுள்ள மனுக்களும் பிறப்பித்த ஆணைகளும் வரும்.

தலைமையாசிரியரும் பேத்தியும் அங்கேதான் ஒரு பதிவைக் காண்கின்றனர். அந்தக் கட்டுமான நிறுவனத்தின்மீது ஒரு வங்கி தொடுத்த மனு, சேர்க்கைக்காகக் காத்திருக்கிறது. மனு தாக்கல் செய்யப்பட்டதனால் மட்டும் நிறுவனம் நொடித்துவிட்டதாகக் கொள்ளலாகாது. மனு தள்ளுபடியாகலாம், இரு தரப்பும் சமரசமாகலாம். ஆயினும் பதினெட்டு லட்சத்தைக் கொடுக்கும் முன் கேள்வி கேட்க அது போதுமான காரணம். தாத்தா நிறுவனத்துக்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டார், விடை வரவில்லை, பணம் வங்கிக் கணக்கிலேயே தங்கியது.

மூன்றாவது இடம், 2016 அக்டோபர் 1 அன்று நிறுவப்பட்ட இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியத்தின் தளம். தீர்ப்பாயம் மனுவை ஏற்றுக்கொண்ட பின்பே நிறுவனத்தின் பெயர் இங்கே இடம்பெறும். இடைக்காலத் தீர்வு அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டு, மூன்று நாள்களுக்குள் பொது அறிவிப்பு வெளியிடுவார். ஆங்கில நாளிதழ் ஒன்றிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் வெளிவரும் அந்த அறிவிப்பு, வாரியத்தின் தளத்திலும் ஏற்றப்படும். நாளிதழின் ஒரு மூலையில் ஒருநாள் தோன்றி மறையும் அறிவிப்பு, தளத்தில் நிலைத்திருக்கும். அலுவலரின் பெயர், முகவரி, உரிமைக் கோரிக்கை அளிக்க இறுதி நாள் ஆகியவை அதில் உண்டு.

அந்த இறுதி நாளே யாவற்றினும் முக்கியமானது. அலுவலர் நியமனமான நாளிலிருந்து பொதுவாகப் பதினான்கு நாள் தரப்படும். தவறியவர்களுக்கு வரையறுத்த கூடுதல் வாய்ப்பு உண்டெனினும், தாமதத்துக்குக் காரணம் கூற வேண்டும். தீர்வுத் திட்டத்தைத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்ட பின்னர், அதில் இடம்பெறாத கோரிக்கைகள் அற்றுப்போகும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பளித்தது. நியாயமான கடனாயினும், உரிய காலத்தில் எழுதிக் கொடாதவர் கையில் ரசீது மட்டுமே எஞ்சும்.

முன்பு வீடு வாங்குவோர்க்கு இந்த வரிசையில் இடமே இருக்கவில்லை. நொய்டாவில் பல்லாயிரம் குடும்பங்களிடம் முன்பணம் பெற்றிருந்த ஜேப்பி இன்ஃப்ராடெக் நிறுவனத்தின்மீதான மனுவை 2017 ஆகஸ்ட் மாதம் அலகாபாத் அமர்வு ஏற்றபோது, வீடு வாங்கியோர் எந்த வகைக் கடன்காரர் என்பதே கேள்வியாயிற்று. 2018 ஜூன் 6-ஆம் நாள் அவசரச் சட்டம் அவர்களை நிதிக் கடன் கொடுத்தோர் வரிசையில் சேர்த்தது. 2019 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. இன்று வீடு வாங்குவோர் 'சி.ஏ.' என்னும் படிவத்தை இணையவழி நிரப்பி, ஒதுக்கீட்டுக் கடிதம், ரசீதுகள், வங்கிக் கணக்கு நகல் ஆகியவற்றுடன் அளிக்கலாம். அதற்குத் தீர்வு அலுவலருக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

மீண்டும் அந்தக் குடும்பத்துக்கு வருக. பேத்தி திங்கள்தோறும் வாரியத்தின் தளத்தில் அந்தப் பெயரைத் தேடிவந்தாள். சில மாதம் கழித்துப் பொது அறிவிப்பு தோன்றியது. கோரிக்கை அளிக்க நான்கு நாள் மிச்சம். சம்பந்தி வீட்டார் நாளிதழைப் பார்த்திருக்கவில்லை. அன்றிரவே ரசீதுகளைத் தேடி எடுத்துப் படிவத்தை நிரப்பினர். அவர்களுடைய பணம் முழுதும் திரும்பும் என்று யாரும் உறுதி கூற இயலாது. ஆனால் கடன் கொடுத்தோர் பட்டியலில் அவர்களுடைய பெயர் ஏறியது. அந்தப் பட்டியலையும் தளத்திலேயே பார்த்துத் தொகை சரிதானா என்று ஒப்பிடலாம்.

கம்பெனி அல்லாத தனிமனிதர்க்கும் கூட்டு வணிகத்துக்கும் பழைய சட்டங்களே இன்றும் பெரிதும் பொருந்துகின்றன. சென்னை மாநகர்க்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம். ஏனைய மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். கம்பெனிக் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் உத்தரவாதம் அளித்தவர்கள் மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் புதிய சட்டத்தின்கீழ் வந்துள்ளனர். எனவே ஊரில் அரிசி ஆலை நடத்துபவர், கூட்டாக நகைக்கடை நடத்துபவர் ஆகியோரைப் பற்றிய மனுக்களைத் தேட வேண்டிய இடம் மின்-நீதிமன்றச் சேவைத் தளம். மாவட்டம், நீதிமன்ற வளாகம், பெயர், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்துத் தேடலாம். பழைய வழக்குகள் யாவும் கணினியில் ஏறியிருக்கும் என்று கொள்ளலாகாது. ஐயம் இருப்பின் நீதிமன்ற அலுவலகத்தில் நேரில் விசாரிப்பதே முறை.

இத்தேடலில் பெயரே பெருந்தடை. தனஞ்செயன் என்ற பெயரை ஆங்கிலத்தில் நால்வர் நான்கு விதமாக எழுதுவர். தலைப்பெழுத்து முன்னும் வரலாம், பின்னும் வரலாம். 'ஜெயின்' என்று மட்டும் தேடினால் நாடெங்கும் உள்ள முன்பின் அறியாதோர் வழக்குகள் வந்து குவியும். தந்தை பெயர், முகவரி, ஊர் ஆகிய மூன்றும் ஒத்துவந்தாலன்றி, அந்தப் பதிவு இன்னாருடையது என்று வாயெடுக்கலாகாது. பெயர் ஒற்றுமையால் ஒரு பெண்ணின் திருமணப் பேச்சோ ஒரு வணிகரின் நற்பெயரோ கெட்டால், அந்தத் தவறைத் திருத்தும் பதிவேடு எதுவும் இல்லை.

பதிவில் பெயர் இல்லாமையும் நற்சான்று ஆகாது. தேவான் ஹவுசிங் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் ஒரு காலத்தில் உயர்ந்த தரக்குறியீடு பெற்றிருந்த நிறுவனம். 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவைக் கலைத்தது. டிசம்பர் 3 அன்று மும்பை அமர்வு மனுவை ஏற்றது. அதற்கு முந்திய மாதம் நொடிப்புப் பதிவேட்டைத் தேடியவருக்கு அதன் பெயர் கிட்டியிராது. 2021-இல் தீர்வுத் திட்டம் ஒப்புதல் பெற்றபோது, பெருந்தொகை வைத்திருந்தோர்க்கு அசல் முழுமையாகக் கிடைக்கவில்லை. வங்கி வைப்புக்கு ஐந்து லட்சம் வரை உள்ள காப்பீடு, இத்தகைய நிறுவன வைப்புக்கு இல்லை. ஆகவே நொடிப்புப் பதிவோடு நில்லாமல் ஈட்டுப் பட்டியலையும், கடன் தகவல் நிறுவனங்கள் வெளியிடும் வழக்குத் தொடுக்கப்பட்ட கணக்குகளின் பட்டியலையும் பார்ப்பது நன்று. வைப்புத்தொகை திரட்ட நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' தளத்தில் அறியலாம்.

அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் '.ஜிஓவி.இன்' என்று முடியும். 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று முன்பணம் கேட்கும் இடைத்தரகரை நாடி, போன பணத்தோடு இருக்கும் பணத்தையும் இழக்க வேண்டா. தீர்வு அலுவலர் என்று சொல்லிக்கொள்பவர் உண்மையில் பதிவு பெற்றவரா என்பதையும் வாரியத்தின் தளமே காட்டும்.

இறுதியாக ஒன்று. பதிவேட்டில் பெயர் ஏறியவர் யாவரும் வஞ்சகர் அல்லர். மழை பொய்த்ததாலும், வாங்கியவர் பணம் தராததாலும், நோயாலும் நொடித்தவர் பலர். நேர்மையாய்க் கணக்குக் காட்டியவர்க்கு நீதிமன்றம் கடனிலிருந்து விடுவிப்பு ஆணை வழங்கவும் பழைய சட்டத்திலேயே இடம் உண்டு. எனவே முதல் ஆணையை மட்டும் படித்து நிறுத்தாமல், கடைசி ஆணை வரை படிக்க வேண்டும். தன் பணத்தைக் காக்கப் பார்ப்பது முறை. பிறர் வீழ்ச்சியைக் கைப்பேசியில் படம் பிடித்து உறவினர் குழுவில் பரப்புவது முறையன்று.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது முன்னோர் சொல். ஆழத்தை அளக்கும் கோல் இன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அதைப் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீட்டு முதியவர் பெருந்தொகை எதையேனும் ஒருவரிடம் ஒப்படைக்கும் முன், பிள்ளைகளை அருகில் அமர்த்தி ஒரு மாலைப்பொழுதை இந்தத் தேடலுக்கு ஒதுக்குக. முன்பே பணம் கொடுத்தவர்கள் ரசீதுகளை ஒரே உறையில் சேர்த்து வைத்து, மாதம் ஒருமுறையேனும் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்க.