அழுகண்ணி அறிவிக்கும் அறிவியல்
(கல்லங்குறிச்சியில் ஆற்றிய உரை)



அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியின் பெயர் உலக நிலநூலார் ஏடுகளில் நிலைபெற்றுள்ளது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகட்கு முன் கடலடியில் சிப்பி ஓடுகள் செறியப் படிந்த இப்பகுதிச் சுண்ணப்பாறையை, அயல்நாட்டறிஞரும் 'கல்லங்குறிச்சிப் படிவு' என்றே குறிக்கின்றனர். ஒரு சிற்றூரின் தமிழ்ப்பெயரை உலக அறிவியல் ஏற்றது. தமிழரோ தமிழ் அறிவியலுக்கு ஆகாதென்கின்றனர். இக்கூற்றின் பொய்ம்மையைக் காட்ட ஒரு சிறு செடியே போதும்.

அச்செடி அழுகண்ணி. நீலமலை, பழனிமலை முதலிய இடங்களில் வளங்குன்றிய ஈரமண்ணில் வளர்வது. அதன் இலைமயிர் நுனிதோறும் பசைத்துளி பனிபோல் நிற்கும். கண்ணீர் ததும்பும் கண்ணை நினைவூட்டும் பெயர் அதற்கு வாய்த்தது. மண்ணில் கிட்டாத தழைச்சத்தை அது பூச்சியின் உடலிலிருந்து பெறுகிறது. துளியிற் பெரும்பகுதி நீரே. ஆயினும், சருக்கரைக் கூறுகள் நெடுந்தொடராய்க் கோத்த 'பலபடி' அதில் கரைந்திருத்தலால், துளி நூலாய் இழுபட்டு ஈயைப் பிணிக்கிறது. இத்தகு செடிகளை ஆராய்ந்து ஆங்கில அறிஞர் தார்வின் 1875இல் ஒரு தனிநூலே வெளியிட்டார்.

அமெரிக்கக் கரோலினாப் பகுதியின் ஈப்பொறிச் செடி இன்னும் வியப்புக்குரியது. அதன் உணர்மயிரை ஏறத்தாழ 20 நொடிக்குள் இருமுறை தீண்டினால், இலை ஏறத்தாழ 1/10 நொடியில் மூடிக்கொள்ளும். தசையில்லாச் செடிக்கு இவ்விரைவு எங்ஙனம் வந்தது? 2005இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு விடை தந்தது. ஆய்ந்தோருள் ஒருவர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற மகாதேவன். இலைக்குள் நீர் சிறிது இடம்பெயர, புறங்குவிந்த இலை சட்டென உட்குழிகிறது. பாதியாய் அறுத்த இரப்பர்ப் பந்தைப் புறந்திருப்பி வைத்தால் தெறித்து மீள்வதும் இந்நெறியே.

பசையால் பற்றலும், நீர்ப்பெயர்ச்சியால் வடிவு மாறலும் மருத்துவத்திற்கும் பயன்படுகின்றன. இவை செடியைப் பார்த்துச் செய்தவையல்ல, நெறியால் ஒத்தவை. இறால், நண்டு ஓடுகளினின்று பெறும் கைட்டோசான் என்னும் பலபடியில் கந்தகக் கூறு பிணைத்தால், அது குடலின் உள்ளுறையில் நெடிது ஒட்டிநின்று மருந்தைச் சிறுகச் சிறுக விடுக்கும். மற்றொரு பலபடிக்கூழ், வெப்பம் ஏறத்தாழ 32 பாகையைக் கடந்ததும் சுருங்கி, உட்கொண்ட நீரை உமிழும். அதனோடு மருந்தையும் வெளியிடுமாறு அமைக்கலாம். வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் மருந்து சேர்த்தலே இவற்றின் நோக்கம்.

அவையோரே! இவ்வளவும் தமிழிற் சொல்லப்பட்டது. எளிய உழவர்க்கும் விளங்கியது. குறை மொழியினிடத்து இல்லை. ஆயின் ஒன்று எண்ணத்தக்கது: செடியின் கண்ணீரைக் கண்டு பெயரிட்ட இனம், அக்கண்ணீர் ஏன் ஒட்டுகிறதென்று வினவினதா? பழம்பெருமை பேசிப் பெயரோடு நின்றுவிட்டால், ஆய்வும் ஆக்கமும் பிறமொழியிலேயே விளையும். தமிழுக்கு மொழிபெயர்ப்பே எஞ்சும்.

தமிழ்வழிக் கல்வி வேண்டுமென முழங்குவோர், தம் மக்களைத் தமிழில் வினவப் பழக்குக. வயல்வரப்பிற் காணும் ஒவ்வொரு செடிக்கும் பெயர் கேட்கும் பிள்ளை, அடுத்து 'ஏன்?' என்றும் கேட்கட்டும். அவ்வினாவுக்குத் தமிழில் விடை தருவதே தமிழ்த்தொண்டு.

வெல்க தமிழ்! வளர்க தமிழறிவு!